யார் சொன்னது என்று முதலில் கேட்போம்: அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சங்கப் பொறுப்பாளர்களுக்கும், தமிழ்ப் பள்ளிகளை நடத்தும் நண்பர்களுக்கும்,

வணக்கம்.

பொங்கல் விழாவுக்கு அரங்கம் பிடிப்பதிலிருந்து, ஊரில் வெள்ளம் வந்தால் நிதி திரட்டி அனுப்புவது வரை நீங்கள் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்யும் வேலைகள் எனக்குத் தெரியும். வாரமெல்லாம் அலுவலகம், சனி ஞாயிறு சங்கம் என்று ஓடுகிறவர்களிடம் இன்னொரு வேலையைக் கொண்டுவருகிறேன். இது அவசியம் என்று மனதார நம்புவதால்தான் எழுதுகிறேன்.

நம் ஆட்களின் விசா, கிரீன் கார்டு, குடியுரிமை, பிள்ளைகளின் படிப்பு என்று எல்லாமே இந்த நாட்டு மத்திய அரசின் முடிவுகளைப் பொறுத்தது. அந்த முடிவுகளில் பெரும்பாலானவை எழுத்து வடிவில், எடுத்த அன்றோ சில நாளிலோ, இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. ஆனால் நாம் அவற்றைத் தெரிந்துகொள்வது வாட்ஸ்அப் ஃபார்வர்டிலும், "அதிர்ச்சி! இந்தியர்களுக்குப் பேரிடி!" என்று தலைப்பு வைத்த யூடியூப் வீடியோவிலும்தான். மூன்று வெவ்வேறு ஆட்கள் மூன்று விதமாகச் சொன்னதைக் கேட்டுவிட்டு இரவெல்லாம் தூங்காமல் கிடக்கிறோம். மூலத்தை எங்கே பார்ப்பது, எப்படிப் படிப்பது என்று நமக்கு யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததில்லை. அதைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பைச் சங்கங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

2025 செப்டம்பர் 19ஆம் தேதி வெள்ளிக்கிழமையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எச்-1பி என்ற வேலை விசாவுக்கான மனு ஒன்றுக்கு ஒரு லட்சம் டாலர் என்று அதிபர் பிரகடனம் வெளியிட்ட நாள். ஞாயிறு அதிகாலை 12.01க்கே அமல் என்றதும் நம் வீடுகளில் என்ன நடந்தது? கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் ஊருக்குப் போயிருந்தவர்கள் என்ன விலையானாலும் சரி என்று டிக்கெட் எடுத்தார்கள். இங்கே விமானத்தில் ஏறி உட்கார்ந்தவர்கள் பாதியில் இறங்கினார்கள். பெரிய கம்பெனிகளே தங்கள் ஊழியர்களை உடனே திரும்பிவரச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பின. வருடா வருடம் கட்ட வேண்டும் என்றார்கள் சிலர். ஏற்கெனவே விசா உள்ளவர்களுக்கும் உண்டு என்றார்கள் வேறு சிலர்.

பிரகடனத்தின் முழு வாசகம் அன்றிரவே வெள்ளை மாளிகையின் தளத்தில் இருந்தது. சில பக்கங்கள்தான். எப்போது அமலாகிறது, நீட்டிக்காவிட்டால் 12 மாதத்தில் காலாவதியாகும், எந்தச் சட்டப் பிரிவின் அதிகாரத்தில் வெளியிடப்படுகிறது என்பதெல்லாம் அதில் இருந்தன. வருடந்தோறும் கட்ட வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. கையெழுத்தானபோது வர்த்தக அமைச்சர் வாயால் சொன்னது அது. மறுநாளே வெள்ளை மாளிகையின் செய்தித் தொடர்பாளர் ஒருமுறை கட்டணம்தான் என்று திருத்தினார். ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்களின் நிலை பிரகடனத்தைப் படித்தாலும் தெளிவாகத் தெரியவில்லை என்பது உண்மை. மூலத்தைப் படித்தால் எல்லாக் குழப்பமும் தீர்ந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தெளிவும் மறுநாள், செப்டம்பர் 20ஆம் தேதியே, குடியுரிமை மற்றும் குடியேற்றத் துறையின் குறிப்பாணையாக அதன் தளத்தில் வந்தது: இனிமேல் தாக்கலாகும் புதிய மனுக்களுக்கு மட்டும், ஏற்கெனவே செல்லுபடியாகும் விசா உள்ளவர்களுக்கு இல்லை. எங்கே பார்ப்பது என்று தெரிந்திருந்தவர்கள் அந்தச் சனிக்கிழமை கொஞ்சம் மூச்சு விட்டார்கள். மற்றவர்கள் ஃபார்வர்டை நம்பி ஓடிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு செய்தி வந்ததும் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இதைச் சொன்னது யார் என்பதுதான். காங்கிரஸா (பிரதிநிதிகள் சபை, செனட் என்ற இரண்டு சபைகள் கொண்ட இந்த நாட்டு நாடாளுமன்றம்), அதிபரா, அதிபருக்குக் கீழே உள்ள ஒரு துறையா, கோர்ட்டா? அரசியலமைப்பின் முதல் மூன்று பகுதிகள் இந்த அதிகாரத்தைத்தான் பிரிக்கின்றன. சட்டம் இயற்றுவது காங்கிரஸ், நிறைவேற்றுவது அதிபர், சட்டத்துக்குப் பொருள் சொல்லித் தீர்ப்பளிப்பது நீதிமன்றம். பள்ளிக்கூடப் பாடமாகத் தெரியும் விஷயம்தான். ஆனால் ஒவ்வொரு பிரிவும் தன் பதிவுகளைத் தனித்தனி இடத்தில் வைக்கிறது. ஒவ்வொன்றின் சொல்லுக்கும் எடை வேறு, வேகம் வேறு. யார் சொன்னது என்று தெரிந்தால் எந்தத் தளத்துக்குப் போவது என்பதும் தெரிந்துவிடும். எவ்வளவு கவலைப்பட வேண்டும் என்பதும் பாதிக்கு மேல் தெரிந்துவிடும்.

காங்கிரஸிலிருந்து தொடங்குகிறேன். நம் குழுக்களில் அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இந்தப் பிரிவுதான். யாரோ ஒரு உறுப்பினர் ஒரு மசோதாவைத் தாக்கல் செய்தாலே "சட்டம் வந்துவிட்டது" என்று செய்தி பரவுகிறது. இரண்டு வருட காங்கிரஸ் ஒவ்வொன்றிலும் பத்தாயிரத்துக்கும் மேல் மசோதாக்கள் தாக்கலாகின்றன. சட்டமாகிறவை சில நூறு. மற்றதெல்லாம் கமிட்டியிலேயே கிடந்து முடிந்துவிடும்.

கிரீன் கார்டுக்கு வரிசையில் நிற்கும் யாரிடமும் எச்.ஆர். 1044 என்று சொல்லிப் பாருங்கள், பெருமூச்சு விடுவார்கள். வேலை வழிக் கிரீன் கார்டில் எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்ற வரம்பை நீக்குவதற்கான மசோதா. 2019 ஜூலை 10ஆம் தேதி பிரதிநிதிகள் சபையில் 365க்கு 65 என்று நிறைவேறியது. நம் வீடுகளில் இனிப்புக் கொடுத்துக் கொண்டாடினோம். 2020 டிசம்பர் 2ஆம் தேதி செனட்டும் எஸ். 386 என்ற தன் மசோதாவை நிறைவேற்றியது, மறுபடியும் கொண்டாட்டம். ஆனால் இரண்டு சபைகளும் நிறைவேற்றியது ஒரே வாசகம் அல்ல. செனட் பல திருத்தங்களைச் சேர்த்திருந்தது. இரண்டும் ஒன்றாகாமலேயே 2021 ஜனவரி 3ஆம் தேதி அந்தக் காங்கிரஸின் காலம் முடிந்தது, மசோதாவும் அதோடு முடிந்தது. அதற்கு முன்பு 2011 நவம்பரிலும் இதே நோக்கத்தில் எச்.ஆர். 3012 என்ற மசோதா 389க்கு 15 என்று சபையைத் தாண்டிவிட்டுச் செனட்டில் நின்றுபோனது. இன்னமும் அந்தப் பழைய வாக்கெடுப்புச் செய்திகளை யாராவது தோண்டியெடுத்துப் புதிதுபோல அனுப்புகிறார்கள். பத்து வருடத்துக்கு மேல் காத்திருக்கும் ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய ஏமாற்றம் என்று அனுப்புகிறவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை.

காங்கிரஸ் நூலகம் நடத்தும் காங்கிரஸ் டாட் கவ் தளத்தில் மசோதா எண்ணைப் போட்டால் போதும். பக்கத்தின் மேலேயே ஒரு பட்டை இருக்கும்: தாக்கலானது, பிரதிநிதிகள் சபை நிறைவேற்றியது, செனட் நிறைவேற்றியது, அதிபருக்குப் போனது, சட்டமானது. எச்.ஆர். 1044 பக்கத்தை இன்று திறந்தாலும் அது பிரதிநிதிகள் சபையோடு நின்றிருப்பதைக் காணலாம். அடுத்து, நடவடிக்கைகள் என்ற பகுதியில் தேதி வாரியாக எந்தக் கமிட்டிக்குப் போனது, என்று வாக்கெடுப்பு என்றெல்லாம் இருக்கும். வாசகம் என்ற பகுதியில் தாக்கலானபோது இருந்த வடிவம், சபை நிறைவேற்றிய வடிவம் என்று தனித்தனியாக இருக்கும். முழுவதும் படிக்க நேரமில்லையா, பெரும்பாலான மசோதாக்களுக்கு எந்தக் கட்சிச் சாய்வும் இல்லாத ஒரு சுருக்கமும் உண்டு. மின்னஞ்சல் முகவரி கொடுத்து வைத்தால் அந்த மசோதாவில் ஏதாவது அசைந்தால் தளமே நமக்குத் தகவல் அனுப்பும். ஒன்றை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள்: ஒவ்வொரு காங்கிரஸிலும் எண்கள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். எச்.ஆர். 1044 என்ற எண்ணில் 116ஆவது காங்கிரஸில் ஒரு மசோதா, 118ஆவதில் வேறொரு மசோதா. எண்ணோடு எந்தக் காங்கிரஸ் என்பதையும் பார்க்காமல் எதையும் நம்பக்கூடாது.

இந்த வசதி இயல்பாக வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். 1995 ஜனவரியில் தாமஸ் ஜெஃபர்சன் பெயரில் தாமஸ் என்ற தளத்தைக் காங்கிரஸ் நூலகம் திறந்தபோதுதான் சாதாரண மக்களுக்கு மசோதா வாசகம் வீட்டிலிருந்தே கிடைக்கத் தொடங்கியது. 2016இல் அது ஓய்வு பெற்று இப்போதைய தளம் முழுமையாக அதன் இடத்துக்கு வந்தது. காங்கிரஸ் ஆய்வுச் சேவை என்று ஒன்று 1914 முதல் உறுப்பினர்களுக்காக அறிக்கைகள் எழுதிவருகிறது. பல காலம் அவை பொதுமக்களுக்கு நேரடியாகக் கிடைக்காது. யாராவது உறுப்பினரின் அலுவலகத்தைக் கேட்டு வாங்க வேண்டும். 2018இல் வந்த சட்டத்துக்குப் பிறகுதான் அவை எல்லோருக்கும் திறந்தன. அதன் அருமை தெரிய ஒரு உதாரணம் போதும். வேலை வழிக் கிரீன் கார்டுக்கான காத்திருப்பு பற்றி 2020 மார்ச்சில் ஒரு அறிக்கை வந்தது. அந்தக் கிரீன் கார்டின் முதல் மூன்று வகைகளில் அப்போது சுமார் 9 லட்சத்து 15 ஆயிரம் பேர் வரிசையில் நிற்கிறார்கள், சட்டம் மாறாவிட்டால் 2030 நிதியாண்டில் அது சுமார் 22 லட்சமாகும் என்று கணக்குப் போட்டுக் காட்டியது. நம் வாழ்க்கையைப் பற்றிய கணக்கு. நம்மில் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறோம்?

அப்புறம் நிர்வாகப் பிரிவு. இதில்தான் விஷயம் சிக்கலாகிறது, ஏனென்றால் அதிபர் சொல்வதும் துறை சொல்வதும் ஒன்றல்ல. அதிபரின் ஆணையும் பிரகடனமும் முதலில் வெள்ளை மாளிகைத் தளத்தில் வரும். ஆனால் ஆட்சி மாறினால் அந்தத் தளம் முழுவதுமாக மாற்றப்படும். பழைய பக்கங்கள் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போய்விடும். அதனால்தான் நம் குழுக்களில் கிடக்கும் பழைய இணைப்புகள் பல இன்று திறப்பதில்லை. நிலையான இடம் ஃபெடரல் ரெஜிஸ்டர். 1936 மார்ச்சிலிருந்து வேலை நாள்தோறும் வெளிவரும் அரசிதழ் அது. ஆணைகள், துறைகளின் விதிகள், உத்தேச விதிகள், அறிவிப்புகள் எல்லாம் அதில் வந்தாக வேண்டும். அச்சாவதற்கு முன்பே பார்வைக்கு வைக்கும் பகுதியும் அந்தத் தளத்தில் உண்டு. இந்தப் பகுதியைப் பழகியவருக்கு யூடியூபுக்கு முன்பே செய்தி கிடைத்துவிடும்.

ஃபெடரல் ரெஜிஸ்டரில் வரும் விதிகள் எல்லாவற்றுக்கும் தலையில் ஒரே அமைப்புதான். எந்தத் துறை என்பது முதல் வரி. அடுத்து ஆக்‌ஷன் என்று ஒரு வரி: அது உத்தேச விதியா, இறுதி விதியா என்று அங்கேயே எழுதியிருக்கும். பிறகு சுருக்கம், அதற்குக் கீழே எந்தத் தேதியிலிருந்து அமல் அல்லது எந்தத் தேதிவரை கருத்துச் சொல்லலாம் என்பது. இந்த நாலு வரிகளைப் படிக்கத் தெரிந்தால் நம் குழுக்களில் வரும் பாதி வதந்தி அன்றே செத்துவிடும். உத்தேச விதி என்றால் இன்னும் ஒன்றும் மாறவில்லை என்று பொருள். 1946ஆம் ஆண்டு நிர்வாக நடைமுறைச் சட்டத்தின்படி பெரும்பாலான விதிகளுக்குத் துறை முதலில் உத்தேச வடிவை வெளியிட்டு, மக்கள் கருத்தைக் கேட்டு, முக்கியமான கருத்துகளுக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் இறுதி செய்ய வேண்டும். அந்தக் கருத்தை ரெகுலேஷன்ஸ் டாட் கவ் தளத்தில் யார் வேண்டுமானாலும் பதியலாம். குடிமகனாக இருக்க வேண்டியதில்லை. கிரீன் கார்டு வேண்டியதில்லை. கட்டணமும் கிடையாது. வாக்குரிமை இல்லாத நம் லட்சக்கணக்கான பேருக்கு இந்த அரசிடம் நேரடியாகப் பேசக் கிடைத்திருக்கும் வாசல் இது. இதை நாம் பயன்படுத்தாமல் விடுவது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. கையெழுத்து இயக்கத்தில் ஆயிரம் பேர் பெயர் போடுவதைவிட, எச்-4 வேலை அனுமதியால் தன் குடும்பம் எப்படிக் கடன் அடைத்தது என்று ஒருவர் தன் சொந்த எழுத்தில் எழுதும் ஒரு பக்கத்துக்கு அங்கே அதிக மதிப்பு உண்டு என்று நான் நம்புகிறேன்.

எச்-4 என்றதும் நினைவுக்கு வருகிறது. எச்-1பி வைத்திருப்பவரின் கணவனோ மனைவியோ வேலை செய்வதற்கான அனுமதி காங்கிரஸ் இயற்றிய தனிச் சட்டத்தால் வந்ததல்ல. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை 2015 பிப்ரவரி 25ஆம் தேதி ஃபெடரல் ரெஜிஸ்டரில் வெளியிட்ட இறுதி விதியால் வந்தது; அந்த வருடம் மே 26ஆம் தேதி அமலுக்கு வந்தது. துறை கொடுத்த விதி என்பதால் துறையே திரும்ப எடுக்கவும் வழி உண்டு. முதல் டிரம்ப் ஆட்சியில் அதற்கான திட்டம் இருந்தது, கடைசிவரை விதியாக வெளிவரவில்லை. இந்த விதியை எதிர்த்து 2015இலேயே வழக்கும் போட்டார்கள். வருடக்கணக்காக அந்த வழக்கு கோர்ட்டில் மேலும் கீழும் போய்வந்தது. 2024 ஆகஸ்டில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் விதி செல்லும் என்றது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது. இத்தனை வருடமும் "எச்-4 ரத்து" என்ற ஃபார்வர்ட் சில மாதங்களுக்கு ஒருமுறை வந்துகொண்டே இருந்தது. அதை நம்பி வேலையை விட்டவர்கள் இருக்கிறார்கள், வந்த வேலையை வேண்டாம் என்றவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலும் பெண்கள். நன்றாகப் படித்து, ஊரில் நல்ல வேலையில் இருந்துவிட்டு இங்கே வந்து வருடக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள். ஒரு வதந்தி அவர்களிடமிருந்து என்ன பறிக்கிறது என்பதை யோசித்தால், சும்மா ஒரு மெசேஜ்தானே என்று விட்டுவிட முடியாது.

நீதித்துறைக்கு வருகிறேன். உச்ச நீதிமன்றத்தின் தளம் பார்க்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் உள்ளே நிறைய இருக்கிறது. தீர்ப்பு வாசிக்கப்பட்ட சில நிமிடங்களில் முழுத் தீர்ப்பும் அங்கே வந்துவிடும். வாதங்களின் எழுத்து வடிவம் அன்றே வரும். 2020 மே மாதம் கொரோனா காலத்தில் தொடங்கியதிலிருந்து வாதங்களை நேரலையில் காதால் கேட்கவும் முடிகிறது. வழக்கு எண்ணைப் போட்டால் யார் எப்போது என்ன மனுத் தாக்கல் செய்தார்கள் என்ற முழு வரலாறும் கிடைக்கும்.

2025 ஜூன் 27ஆம் தேதி நடந்ததைச் சொல்கிறேன். இங்கே பிறக்கும் குழந்தைகளின் குடியுரிமை பற்றிய அதிபரின் 14160ஆவது ஆணை தொடர்பாக உச்ச நீதிமன்றம் அன்று தீர்ப்பளித்தது. அந்த ஆணை சட்டவிரோதமாக வந்தவர்களைப் பற்றியது மட்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஆணையின் வாசகத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும்: தாய் மாணவர் விசாவிலோ வேலை விசாவிலோ தற்காலிகமாக இருந்து, தந்தையும் குடிமகனாகவோ கிரீன் கார்டுக்காரராகவோ இல்லாவிட்டால், அந்தக் குழந்தைக்கும் அது பொருந்தும் என்று எழுதியிருந்தது. அதாவது நம் இளம் குடும்பங்கள். தீர்ப்பு வந்ததும் "அதிபருக்கு வெற்றி" என்று தலைப்புகள் வந்தன. பிரசவத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்த பெண்கள் எவ்வளவு கலங்கியிருப்பார்கள்!

தீர்ப்பைத் திறந்தால் என்ன இருந்தது? ஆறுக்கு மூன்று என்ற கணக்கில், ஒரு மாவட்ட நீதிபதி நாடு முழுவதற்கும் பொருந்தும் தடை உத்தரவு போடலாமா என்ற கேள்விக்கு மட்டும் கோர்ட் பதில் சொல்லியிருந்தது. ஆணை அரசியலமைப்புக்கு உட்பட்டதா என்ற கேள்வி தன் முன் எழுப்பப்படவில்லை, அதைத் தான் தீர்மானிக்கவும் இல்லை என்று தீர்ப்பிலேயே எழுதியிருந்தது. அதுமட்டுமல்ல, ஆணையின் முக்கியப் பிரிவு 30 நாள் கழியாமல் அமலாகாது என்றும் இருந்தது. அந்த 30 நாள் முடிவதற்குள், ஜூலை 10ஆம் தேதி, நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு நீதிபதி குழந்தைகள் சார்பான கூட்டு வழக்கில் ஆணைக்கு மறுபடி தடை போட்டார். இவ்வளவும் பொது ஆவணம். அதன்பின் வழக்கு போன வழியையும் உச்ச நீதிமன்றத் தளத்திலேயே தேதி வாரியாகப் பார்க்கலாம்.

தீர்ப்பு நூறு பக்கத்துக்கு மேல் இருந்தால் பயப்பட வேண்டாம் என்று நம்மவர்களுக்குச் சொல்லுங்கள். முன்னால் சில பக்கங்களில் சுருக்கம் ஒன்று இருக்கும். வாசகர் வசதிக்காகத் தீர்ப்புப் பதிவாளர் எழுதியது, தீர்ப்பின் பகுதியல்ல என்று அங்கேயே குறிப்பிட்டிருக்கும். அதைப் படித்துவிட்டுப் பெரும்பான்மைத் தீர்ப்பின் கடைசிப் பத்திக்குப் போனால் கோர்ட் உண்மையில் என்ன உத்தரவிட்டது என்று தெரிந்துவிடும். நடுவில் உள்ளதைப் பிறகு நிதானமாகப் படிக்கலாம். வாதங்களைக் கேட்டுக்கொண்டே எழுத்திலும் தொடர விரும்புகிறவர்களுக்கு ஓயெஸ் என்ற தளம் இருக்கிறது.

கீழ் நீதிமன்றங்கள் விஷயத்தில் மட்டும் எனக்கு மனக்குறை உண்டு. மற்ற இரண்டு பிரிவுகளும் கதவைத் திறந்து வைத்திருக்க, மாவட்ட நீதிமன்ற ஆவணங்களைப் பார்க்க பேசர் என்ற தளத்தில் பக்கத்துக்கு 10 சென்ட் கட்ட வேண்டும், ஒரு ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர். மூன்று மாதத்தில் 30 டாலருக்குள் இருந்தால் தள்ளுபடி செய்துவிடுகிறார்கள், தீர்ப்புகளுக்கும் கட்டணம் இல்லை, சரி. இருந்தாலும் மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் கோர்ட்டின் காகிதத்துக்கு மக்களிடமே காசு கேட்பது சரியில்லை என்பது என் கருத்து. அது மாறும்வரை, கோர்ட்லிசனர் என்ற தளத்தில் மற்றவர்கள் ஏற்கெனவே வாங்கிய ஆவணங்கள் இலவசமாகச் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. முதலில் அங்கே தேடிவிட்டு, இல்லையென்றால் பேசருக்குப் போகலாம்.

நம் பெரியவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிள்ளைகளோடு வந்து தங்கி, கிரீன் கார்டு எடுத்து, இப்போது குடியுரிமைத் தேர்வுக்குத் தயாராகும் அப்பா அம்மாக்கள். நான் இந்தத் தேர்வுக்கான வகுப்பில் உதவி செய்கிறவன் என்பதால் பார்க்கிறேன்: பாதிப் பேர் கையில் யாரோ எப்போதோ எடுத்த நகல் இருக்கிறது. 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிக்கிறவர்களுக்குத் தேர்வே மாறிவிட்டது. முன்பு 100 கேள்விகளிலிருந்து 10 கேட்டு 6 சரியாக இருந்தால் போதும். இப்போது 128 கேள்விகளிலிருந்து 20 கேட்கிறார்கள், 12 சரியாக இருக்க வேண்டும். அரசின் மூன்று பிரிவுகள், அவை ஒன்றையொன்று எப்படிக் கட்டுப்படுத்துகின்றன என்பது அதில் பெரிய பகுதி. சபாநாயகர் யார் என்பது போன்ற கேள்விகளுக்கு விடை மாறிக்கொண்டே இருக்கும்; 2023 அக்டோபரில் மூன்று வாரம் அந்தப் பதவியே காலியாக இருந்தது. அதனால் விடைகளின் இன்றைய நிலையைக் குடியேற்றத் துறையின் தளத்தில்தான் பார்க்க வேண்டும்.

இதைவிட முக்கியமான ஒன்று பலருக்குத் தெரியவில்லை. 50 வயதாகி 20 வருடம் கிரீன் கார்டில் இருந்தவர்களும், 55 வயதாகி 15 வருடம் இருந்தவர்களும் ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டியதில்லை. குடிமையியல் கேள்விகளுக்கு மொழிபெயர்ப்பாளர் வைத்துத் தமிழிலேயே பதில் சொல்லலாம். 65 வயதும் 20 வருடமும் ஆனவர்களுக்குக் கேள்விகளே குறைவு: 20 கேள்விகள் படித்தால் போதும், அதில் 10 கேட்டு 6 சரியாகச் சொன்னால் தேர்ச்சி. "எனக்கு இங்கிலீஷ் வராதுப்பா" என்று விண்ணப்பிக்காமலேயே இருக்கும் ஆச்சிகளும் தாத்தாக்களும் நம்மிடம் இருக்கிறார்கள். இது துறையின் தளத்தில் வெளிப்படையாக இருக்கிறது, நாம்தான் அவர்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை. விண்ணப்பப் படிவங்களை இறக்கிக்கொள்ளக் காசு கேட்கும் தனியார் தளங்களில் போய் ஏமாறுகிறவர்களும் உண்டு. படிவம் இலவசம், தாக்கல் செய்யும்போதுதான் கட்டணம். முகவரியின் கடைசியில் டாட் கவ் என்று முடிகிறதா என்று பார்க்கும் பழக்கத்தை மட்டும் அவர்களுக்கு ஏற்படுத்திவிட்டால் பெரிய உதவி. அரசு அமைப்புகளைத் தவிர வேறு யாருக்கும் அந்த முகவரி கிடைக்காது.

தமிழ்ப் பள்ளி நண்பர்களே, மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளை இந்த வேலையில் இழுங்கள். இங்கே பள்ளியில் அவர்கள் குடிமையியல் படிக்கிறார்கள். உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த சாண்ட்ரா டே ஓ'கானர் ஓய்வுக்குப் பிறகு 2009இல் தொடங்கிய ஐசிவிக்ஸ் விளையாட்டுகளைப் பல பிள்ளைகள் வகுப்பிலேயே ஆடியிருப்பார்கள். அவர்களுக்கு அரசு தெரியும், தமிழில் சொல்லத் தெரியாது. தாத்தா பாட்டிக்குத் தமிழ் தெரியும், இந்த அரசு தெரியாது. இரண்டு பேரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தால் ஒரு வருடத் தமிழ்ப் பாடத்தில் வராத பேச்சு அங்கே வரும். தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் கோலம் போட்டுக் கமலா ஹாரிஸைக் கொண்டாடிய படத்தை நாம் எல்லோரும் பகிர்ந்தோம். துணை அதிபராக அவர் செனட்டில் என்ன செய்தார் என்று பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள். சமமாகப் பிரிந்த வாக்கெடுப்புகளில் அவர் போட்ட 33 வாக்குகளும், எந்தத் தேதியில் எந்த விஷயத்துக்கு என்று, செனட் தளத்தில் பட்டியலாக இருக்கின்றன. எந்தத் துணை அதிபரும் அத்தனை போட்டதில்லை. அதில் ஒன்றை எடுத்துத் தமிழில் ஒரு பக்கம் எழுதச் சொன்னால் பெருமையும் பாடமும் சேர்ந்து வரும்.

சங்கங்களிடம் நான் கேட்பது இதுதான். வருடத்தில் ஒரு சனிக்கிழமை, இரண்டு மணி நேரம். எல்லோரும் மடிக்கணினியோ போனோ கொண்டுவரட்டும். அன்று குழுவில் வந்த ஒரு ஃபார்வர்டையே எடுத்து, யார் சொன்னது என்று கேட்டு, அந்தத் தளத்துக்குப் போய், மூலத்தைத் திறந்து, தேதியையும் நிலையையும் பார்த்து முடிவுக்கு வருவதைச் செய்து காட்டுங்கள். பேச்சாளரோ மேடையோ வேண்டாம். பொது நூலகத்தில் ஒரு அறை போதும், பெரும்பாலான ஊர்களில் இலவசமாகவே கிடைக்கும். உங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு விதி கொண்டுவாருங்கள்: சட்டம், விசா, கோர்ட் பற்றிய செய்தி எதுவானாலும் மூல ஆவணத்தின் இணைப்போடுதான் வர வேண்டும், இல்லையென்றால் அட்மின் நீக்கலாம். முதல் மாதம் சண்டை வரும். பிறகு பழகிவிடும். ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: மூலத்தைப் படிப்பது அட்டர்னியின் இடத்தை நிரப்பாது. தனிப்பட்ட வழக்குக்கு அட்டர்னிதான். அவரிடம் போகும்போது சரியான கேள்வியோடு போக இது உதவும்.

தமிழில் ஒரு கையேடும் வேண்டும். இருபது பக்கம் போதும். எந்தப் பிரிவுக்கு எந்தத் தளம், எந்தப் பக்கத்தில் எதைப் பார்ப்பது, படத்தோடு. அரசு இதைத் தமிழில் செய்து தரும் என்று காத்திருப்பதில் பயனில்லை. அரசு ஆவணங்களுக்கு இங்கே பெரும்பாலும் காப்புரிமை கிடையாது, நாமே எடுத்து மொழிபெயர்த்து வெளியிடலாம். நான் என் பங்குக்குக் காங்கிரஸ் பகுதியையும் குடியுரிமைத் தேர்வுப் பகுதியையும் எழுதித் தருகிறேன். நீதித்துறைப் பகுதிக்கு நம் சமூகத்தில் உள்ள வழக்கறிஞர்கள் யாராவது முன்வர வேண்டும். எந்தச் சங்கம் முதலில் ஒரு தேதி சொல்கிறதோ அங்கே வந்து முதல் அமர்வை நடத்தவும் தயாராக இருக்கிறேன். உங்கள் அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இந்த மடலைப் பேசுபொருளாகச் சேர்த்து, முடிவை உங்கள் உறுப்பினர்களுக்குத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
நியூ ஜெர்சியிலிருந்து ஒரு தமிழ்ப் பள்ளித் தன்னார்வலன்